கலங்கலுக்கு ஒரு விளக்கு

கலங்கல் தண்ணீரில் முங்குவதற்கு எந்த விளக்கு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர் பதிலை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார். பெரிய விளக்கு, நிறைய வெளிச்சம், அதுதான் அவர் மனதில் இருக்கும். நான் வேண்டாம் என்று சொன்னால், இந்த அம்மாவுக்குப் பழைய காலத்துப் புத்தி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கலங்கலில் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் சேறுதான் பளபளக்கும். மாஸ்க்குக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் எழும்பி நிற்கும். நம் கையே நமக்குத் தெரியாது. ஒல்லியாகக் கதிர் அடிக்கிற சின்ன டார்ச்சைத்தான் எடுத்துப் போக வேண்டும். அதையும் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக்கூடாது. கையை எட்ட நீட்டி, பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். அப்போதும் ஒரு முழம் தெரிந்தால் அதிகம். இன்னொன்றும் உண்டு, அதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். கலங்கலில் விளக்குக்குப் பாதி வேலை, கூட வந்தவருக்கு நம்மைக் காட்டுவது.

இதை நான் எங்கள் மேலாளர் குணபாலன் சாரிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனேன்.

நான் வேலை பார்ப்பது தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடல்நீர் ஆலையில். ஆறும் குளமும் கைவிட்ட பிறகு மூன்று மாவட்டம் இந்த ஆலைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கடல் உள்ளே வருகிற வாயில், தரைக்குக் கீழே பெரிய அறை ஒன்று; அதில் ஆளுயர இரும்புக் கிராதிகள். அறுந்துபோன மீன்வலை, பாசி, பிளாஸ்டிக், சொறி என்று நாங்கள் சொல்கிற ஜெல்லி மீன் எல்லாம் அந்தக் கிராதியில் வந்து அப்பும். அதை வெட்டி எடுப்பது எங்கள் வேலை. பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அரை மணி நேரம் நிறுத்தினால் கலெக்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும்.

முங்குகிறவர்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்குவோம். என் இணை என் வீட்டுக்காரர் தொபியாஸ். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயர் முன்னால் வரும், ஆலையின் வேலைப் பட்டியலில் என் பெயர் முன்னால் வரும். தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால்தான் எங்களுக்குள் இத்தனை வருஷம் ஒத்துப்போகிறது என்று ஊரில் கேலி செய்வார்கள். வெளியிலும் அவர் பேசுகிற ஆள் இல்லை. காப்பி வேணுமா என்று கேட்டால் பதில் வராது. இரண்டாவது தடவை கேட்டால், பக்கத்துத் தெருவில் யாரையோ கேட்டது மாதிரி இருப்பார். மூன்றாவது தடவைதான், "என்னட்டி, எத்தன தடவதான் கேப்ப?" என்று எரிந்து விழுவார். தண்ணீருக்குள்ளும் அதே கதைதான். நான் விளக்கை வட்டமாகச் சுற்றி நலமா என்று கேட்பேன். பதில் வட்டம் வராது. மறுபடி சுற்றுவேன். கடைசியில் ஒரு வட்டம் வரும், அதிலேயே கோபம் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. விளக்கை மூடுவது என்போம். வேலைக்கு நடுவில் அவ்வப்போது விளக்கை நெஞ்சோடு அழுத்தி மறைத்துக்கொண்டு, அந்த இருட்டில் இணையின் விளக்கு எங்கே மினுங்குகிறது என்று பார்ப்பது. நம் வெளிச்சம் இருக்கிறவரை அடுத்தவர் வெளிச்சம் தெரியாது. அதைப் பார்த்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும், வேலையைத் தொடரலாம். இருவர் மணிக்கட்டையும் இணைக்கிற கயிறும் உண்டு. அது கிராதியில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும், ஆனாலும் கழற்ற மாட்டோம்.

இந்த ஏற்பாட்டில்தான் துலக்கி என்ற புது விளக்கு வந்து இறங்கியது.

கொண்டுவந்தவன் அகிலேஷ், கோயம்புத்தூர்ப் பையன். மரியாதை தெரிந்தவன். அவனை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மழை நாள்ல ஹைபீம் போட்டு கார் ஓட்டியிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டான்.

"மழைதான் தெரியும். ரோடு தெரியாது."

"அதேதாங்க. இந்த விளக்கு நின்னு எரியாது, வெட்டி வெட்டி அடிக்கும். வெளிச்சம் போயிட்டுத் திரும்புற நேரத்த வெச்சு, எது பக்கத்துல இருக்கிற சேறு, எது தள்ளி இருக்கிற பொருள்னு கண்டுபிடிச்சிடும். சேத்தக் கழிச்சிட்டு மிச்சத்த உங்க மாஸ்க் கண்ணாடியில காட்டும். மழையக் கழிச்சிட்டு ரோட்ட மட்டும் காட்டுற மாதிரிங்க."

குணபாலன் சார் கைதட்டாத குறை. நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டேதான் இறங்கினேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அறையில் பதினைந்து வருஷம் தடவித் தடவி வேலை பார்த்திருக்கிறேன். எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. இப்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எல்லாம் தெரிந்தது. சுவரில் யாரோ கட்டும்போது எழுதிவைத்த எண்கள், கிராதியின் போல்டு, ஓரமாக நின்றிருந்த ஒரு கலவாய் மீன் எல்லாம் கண்ணாடித் தொட்டியில் இருப்பதுபோல் தெரிந்தன. இத்தனை சின்ன இடத்துக்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். தொபியாஸைக் காணோம். பக்கத்திலேயேதான் இருந்தார், மணிக்கட்டில் கயிறு இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் கண்ணாடியில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

மேலே வந்ததும் நான் கத்தினேன். "ஆளையே கழிச்சிடுச்சே தம்பி! கூட வந்த மனுஷன் எங்க?"

அகிலேஷ் கைபேசியில் எதையோ பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அவர் விளக்கும் அடிக்குதுல்லீங்க, அந்த வெளிச்சம் இதுக்குக் குழப்பம். அதனால தன்னோடது இல்லாத வெளிச்சத்தையெல்லாம் தள்ளிடுது. அதோட அவர் வேல செய்யறப்ப சுத்தி ஒரே சேறு. சேத்தோட சேத்து அவரையும்..."

"சேறுன்னு தூக்கிப் போட்டுட்டு."

தொபியாஸ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "அவ ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருந்ததத்தான் மெஷினும் சொல்லிருக்கு."

நான் சிரிக்கவில்லை. உள்ளே தனியாக இருப்பதுபோல் இருக்கிறது, இது வேண்டாம் என்று சொன்னேன். குணபாலன் சார், குறையை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள் என்றார். அகிலேஷ் குறையை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனான். திரும்பி வரும்போது தீர்த்துக்கொண்டு வந்தான்.

இந்தத் தடவை இறங்கியபோது தொபியாஸ் தெரிந்தார். நன்றாகவே தெரிந்தார். அவர் உடையின் கிழிசல், இடது காலைச் சற்று அகட்டி நீந்துகிற விதம் எல்லாம் அப்படியே. நான் விரல்களை வளையமாக்கி நலமா என்று கேட்டேன். அவரும் வளையம் காட்டினார். அவர் கண்ணாடியில் நானும் அப்படித்தான் தெரிந்தேனாம். "உன்னய ஒல்லியாக் காட்டுது. தலையச் சாச்சுப் பாப்பியே, அதக்கூட விடல" என்று மேலே வந்து சொன்னார்.

"இது அவரா, அவரோட படமா?" என்று அகிலேஷிடம் கேட்டேன்.

"ரெண்டும்தாங்க. ரெண்டு பேர் இடுப்புலயும் ஒரு சின்ன ஒலிப்பெட்டி கட்டியிருக்கோம்ல, அதுலருந்து வர்ற சத்தத்த வெச்சு அவர் எங்க இருக்காரு, கையக் கால என்ன பண்றாருன்னு தெரிஞ்சுக்கும். அத வெச்சு வரையும்."

"அந்த அறையில சத்தம் சுவத்துல முட்டி எதிரொலிக்குமே. சத்தம் வரலன்னா?"

"ரெண்டு மூணு விநாடி விட்டுப்போகும்ங்க. அத அதுவே நிரப்பிக்கும். அவர் வழக்கமா எப்படி இருப்பாரோ, அப்படி."

"எவ்வளவு நேரத்துக்கு நிரப்பும்?"

"சத்தம் திரும்ப வர்ற வரைக்கும்ங்க."

இது எனக்கு ஒப்பவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் குணபாலன் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "ஜஸிந்தா, நீங்கதானே ஆள் தெரியலன்னு சொன்னீங்க? தெரிய வெச்சாச்சு. இப்ப தெரியறதும் தப்பா? உங்களுக்கு எந்த விளக்கக் கொடுத்தாத்தான் மனசு நிறையும்?"

கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததில் என்ன தப்பு என்று காட்டச் சொன்னால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. மனசு ஒப்பவில்லை என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் குறித்துக்கொள்வது கிடையாது. சோதனை முங்கல் ஒவ்வொன்றும் நன்றாகவே முடிந்தது. மற்ற இணைகளும் துலக்கியைக் கொண்டாடினார்கள். பாதி நேரத்தில் வேலை முடிந்தது, யார் கையிலும் வெட்டுக்காயம் இல்லை. நான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து மணிக்கட்டுக் கயிறு போயிற்று. ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிறபோது சிக்கிக்கொள்கிற கயிறு எதற்கு என்றார்கள். பிறகு விளக்கு மூடுவதும் போயிற்று. அடுத்தவர் விளக்கைப் பார்க்க மாஸ்க்கின் மேல் மாட்டிய படக்கண்ணாடியைத் தூக்க வேண்டும்; தூக்கினால், முங்குகிறவருக்கு ஏதோ ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பம்பு தானாக நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காம். சும்மா பழக்கதோஷத்தில் யாரும் தூக்கக்கூடாது, தூக்கினால் விளக்கம் கேட்கப்படும் என்று உடை மாற்றும் அறையில் எழுதி ஒட்டினார்கள்.

கார்த்திகையில் விடாமல் பெய்த மழையில் ஆற்றுச் சேறெல்லாம் கடலுக்கு வந்தது. கிராதியில் பெரிய வலை ஒன்று வந்து அப்பிக்கொண்டு ஆலைக்கு மூச்சு முட்டியது. காலையிலேயே எங்களை இறங்கச் சொன்னார்கள்.

நான் வலது கிராதி, அவர் இடது கிராதி. துலக்கியில் எல்லாம் வழக்கம்போலத் தெளிவு. வலையை அறுத்து அறுத்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். இடையில் திரும்பி அவரைப் பார்த்தேன். கிராதியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வேலை செய்துகொண்டிருந்தார். வளையம் காட்டினேன், அவரும் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். வளையம் வந்தது. கத்தியில் சிக்கிய வலை நரம்பை உதறிவிட்டு, சும்மாதான், இன்னொரு முறை கேட்டேன். நான் கையை இறக்குவதற்குள் வளையம் வந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த மனுஷனா? கேட்ட மாத்திரத்தில், மூன்று தடவையும்? மாதாகோயிலில் பாதர் "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோதுகூடப் பாதரை இருமவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னவர்.

நான் நாலாவது தடவை கேட்டேன். உடனே வளையம்.

விளக்கை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு படக்கண்ணாடியைத் தூக்கினேன். அறை ஒரே இருட்டாகிவிட்டது. சேறு முகத்தில் உரசியது. அவர் நின்றிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. காதுக்குள் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. உடம்பை மெல்லச் சுற்றினேன். பின்னால், ரொம்பக் கீழே, பச்சையாக ஏதோ மினுங்கியது. இடமும் வலமுமாக ஆடியது. ஆபத்து என்பதற்கு எங்கள் ஆட்டம் அது. வேகமாக ஆட வேண்டிய ஆட்டம், ஆடிக் களைத்துப்போய் மெதுவாகியிருந்தது.

கண்ணாடியைத் தூக்கியதில் பம்பு நின்றிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தால் நான் அவரைக் கிராதியிலிருந்து பிரித்திருக்க முடியாது. கம்பி கம்பியாகத் தடவிக் கீழே போனேன். வலை அவர் காற்று உருளையையும் காலையும் சேர்த்துச் சுற்றி, கிராதியின் அடியில் அழுத்தியிருந்தது. இடுப்பிலிருந்த ஒலிப்பெட்டி வலைக்கும் சேற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடந்தது. காற்று வாங்குகிற வாய்க்குழாய் என்னிடம் இரண்டு உண்டு; அந்த இரண்டாவது ரெகுலேட்டரை அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். மறுபடி கொடுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்தார். பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து, அவர் படக்கண்ணாடியையும் பிடித்து மேலே தூக்கினேன். ஒரு சாண் தூரத்தில் அவர் கண்கள் தெரிந்தன. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. உயிர் போகிறவன் காப்பாற்ற வந்தவளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

ஆஸ்பத்திரியில் பிழைத்துவிட்டார் என்று சொன்ன பிறகு, என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை ஏன் தூக்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பம்பு மறுபடி ஓட மத்தியானம் ஆகியிருந்தது. ஊர் ஊராகக் குடத்தோடு நின்றிருக்கிறார்கள்.

"அவர் அங்க இல்ல சார். படம்தான் இருந்திச்சு."

குணபாலன் சார் பதிவைப் போட்டுக் காட்டினார். என் மாஸ்க்கில் பதிவானது. தெளிவான தண்ணீர், தெளிவான கிராதி, தொபியாஸ் காலை அகட்டிக்கொண்டு வேலை செய்கிறார். நான் கேட்கிறேன், அவர் வளையம் காட்டுகிறார். நான் கண்ணாடியைத் தூக்கியதும் படம் நின்றுவிடுகிறது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? நீங்க தூக்கினப்புறம் பம்பு நின்னு, தண்ணி எதிர்ப்பக்கம் தள்ளி, அதுல அவர் சிக்கியிருக்கலாம்ல?"

"நிரப்பாத பதிவு எங்க சார்? கலங்கலா இருக்குமே, அது?"

"அத யாரு வெச்சிருப்பா? சேத்தத்தானே பதிவு பண்ணியிருக்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். அந்த மேசைக்கு முன்னால் இரண்டே சாட்சி. ஒன்று நான், இன்னொன்று அந்த மெஷின். மெஷின் படத்தோடு வந்திருக்கிறது, நான் வெறும் வாயோடு வந்திருக்கிறேன். தொபியாஸைக் கேளுங்கள் என்றேன். கேட்டோம், அவர் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்றார் குணபாலன் சார்.

ஏன் விரும்பவில்லை என்பதை அகிலேஷ்தான் காட்டினான். வெளியே வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"இத உங்ககிட்டக் காட்டக்கூடாதுங்க மேடம். ஆனா காட்டாம ஊருக்குப் போக முடியல." அவன் கைபேசியில் தொபியாஸ் மாஸ்க்கின் பதிவு இருந்தது.

கிராதியின் அடிப்பகுதி. அவர் கை வலையைப் பிய்க்கிறது. எட்டித் தொடுகிற தூரத்தில் நான் நிற்கிறேன், ஒல்லியாக, தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டு. அவர் விளக்கை வேகமாக ஆட்டுகிறார். நான் வளையம் காட்டுகிறேன். அவர் கழுத்தில் கைவைத்து மூச்சு இல்லை என்று காட்டுகிறார். நான் வளையம் காட்டுகிறேன். அவர் என்னை நோக்கிக் கையை நீட்டுகிறார். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன், தலையைச் சாய்த்தபடி, சரி, சரி, சரி என்று.

"அணைப்பா அத."

அவன் அணைத்தான். "அவர் சத்தம் நசுங்கிப்போச்சு. உங்க சத்தமும் அவருக்கு வரல. ரெண்டு பக்கமும் நிரப்பிடுச்சு. நீங்க நிஜமா வந்து தொட்டப்பவும் அவருக்கு அந்தப் படம்தான் தெரிஞ்சிருக்கு, அதான் தட்டிவிட்டிருக்காரு."

"ஆபத்துன்னு காட்டுறாரே. அதுக்கு எப்படிப்பா சரின்னு பதில் வரும்?"

"கேள்விக்குப் பதில் தாமதமானா முங்குறவங்க பதறுறாங்க, பதறினா காத்து சீக்கிரம் தீருதுன்னு கணக்கு இருந்துச்சுங்க. அதனால உடனே பதில் வரணும்னு வெச்சோம். உங்க பழைய பதிவுல எல்லாம் கேட்டா நீங்க சரின்னுதான் காட்டியிருக்கீங்க. ஆபத்துன்னு யாரும் ஒரு தடவகூடக் காட்டினது இல்ல." அவன் குரல் உடைந்தது. "அது தெரிஞ்சதத்தான் செஞ்சுதுங்க."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. திட்டியிருக்க வேண்டும்.

தொபியாஸ் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வேறு ஆளாக வந்தார். காப்பி வேணுமா என்றால், "சரி." கால் வலிக்குதா என்றால், "இல்ல." படுக்கிறீங்களா என்றால், "சரி." கேட்டு முடிப்பதற்குள் பதில். விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரியிடம் நடந்துகொள்வது மாதிரி அவ்வளவு மரியாதை. பக்கத்து வீட்டு ரெஜினா, உன் வீட்டுக்காரர் எவ்வளவு தன்மையாகிவிட்டார் என்று மெச்சினாள். எனக்கு அவர் ஒவ்வொரு தடவை சரி என்றபோதும் கண்ணாடியில் பார்த்த அந்த வளையம் ஞாபகம் வந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு கேட்டுவிட்டேன். "அங்க நின்னது நான் இல்ல. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாம் சொல்லிட்டான்."

"அப்புறம் என்ன?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "புரியுது ஜஸி. புத்திக்கு எல்லாம் புரியுது. ஆனா நான் மூச்சு இல்லாமக் கையாட்டுனேன், நீ தலையச் சாச்சுப் பாத்துக்கிட்டு நின்ன. கண்ணு பாத்திருச்சே. அத எங்கன கொண்டு போய்ப் போட?"

"நான்தானே வந்து அவுத்து விட்டேன்!"

"ஆமா," என்றார் உடனே. "நீதான்."

பொய் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். தப்பு செய்திருந்தால் அழலாம். செய்யாத ஒன்றை என் முகத்தை வைத்து யாரோ செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு எந்தப் பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது?

ஆலையில் துலக்கிக்கு ஒரு திருத்தம் வந்தது. சத்தம் விட்டுப்போனால் இனி ஆள் சாம்பல் நிறத்தில் தெரிவாராம். எல்லோருக்கும் திருப்தி. நான் அதைப் போட்டுக்கொண்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குணபாலன் சார் என்னைத் திட்டக்கூட இல்லை. "கழிவுநீர் வாய்க்குப் போங்க. அங்க துலக்கி வைக்கல. உங்களுக்குப் பிடிச்ச டார்ச்ச எடுத்துக்கிட்டு எவ்வளவு நேரம் வேணாலும் தடவுங்க. கூட யார் வர்றாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றார்.

ஆலை பிரித்தெடுத்த உப்புநீர் கடலுக்குத் திரும்புகிற இடம் அது, எல்லோரும் தட்டிக்கழிக்கிற இடம். உப்பும் சேறுமாகக் கண்ணைத் திறக்க முடியாது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒல்லிக் கதிர் டார்ச் இரண்டையும் மணிக்கட்டுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். தொபியாஸ் அங்கே உட்கார்ந்து உடையைப் போட்டுக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாறீங்களா?" என்றேன்.

"சரி," என்றார், உடனே.

கயிற்றைக் கட்டினேன். மணிக்கட்டை நீட்டிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கினோம்.

கீழே வழக்கமான கலங்கல். டார்ச்சை எட்டப் பிடித்தால் ஒரு முழம், பிறகு ஒன்றும் இல்லை. குழாய் வாயில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டே போனேன். என் கை வேலை செய்தது, மனசு கயிற்றிலேயே கிடந்தது. கயிறு தளர்வாக இருந்தது. அதன் அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று கயிறு சொல்லாது. என்னை மன்னித்த என் வீட்டுக்காரரா, மன்னித்துவிட்டதாகச் சரி சொல்கிற விருந்தாளியா?

டார்ச்சை நெஞ்சோடு அழுத்தி மூடினேன். இருட்டில் கொஞ்ச தூரத்தில் மஞ்சளாக ஒரு மினுங்கல். இருக்கிறார். விளக்கை எடுத்து வட்டமாகச் சுற்றினேன். மறுபடி மூடிக்கொண்டு பார்த்தேன்.

மினுங்கல் அசையவில்லை.

உடனே பதில் வரவில்லை. இன்னொரு முறை சுற்றினேன். மூடினேன். சிப்பி சுரண்டுகிற சத்தம் டக் டக்கென்று வந்துகொண்டே இருந்தது. விளக்கு திரும்பக்கூட இல்லை.

மூன்றாவது தடவை சுற்றினேன்.

சுரண்டல் நின்றது. மஞ்சள் வெளிச்சம் வெடுக்கென்று என் பக்கம் திரும்பி, ஒரு வட்டம் அடித்தது. பெரிய வட்டம், கோணல் வட்டம், எத்தனை தடவதான் கேப்ப என்று எரிந்து விழுகிற வட்டம். அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

மாஸ்க்குக்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க வழியில்லை. அப்படியே வேலை செய்தேன்.